ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வெச்ச மெஷின்ல ஒயர் பாடில பட்டும் ஏன் எதுவும் ட்ரிப் ஆகல?

கேட்டது இதுதான்: மெஷினுக்கு 400 வோல்ட் வருது, பேனலுக்குள்ள ஒரு 2 கேவிஏ ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் (உள்ள வர்ற ப்ரைமரி வைண்டிங்குக்கும் வெளிய போற செகண்டரி வைண்டிங்குக்கும் நடுவுல நேரடி கனெக்ஷன் இல்லாதது), அதோட 230 வோல்ட் செகண்டரில ஹீட்டர், கூலன்ட் பம்ப், கான்டாக்டர் (காயில் இழுத்து மோட்டாரை ஆன் பண்ற ஸ்விட்ச்) காயில் எல்லாம் ஓடுது, இன்கமர்ல, அதாவது மெஷினுக்கு சப்ளை நுழையற இடத்துல, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (லீக்கேஜ் வந்தா கட் பண்ற பிரேக்கர்) இருக்கு. செகண்டரில ஒரு ஹீட்டர் ஒயர் உரிஞ்சு ஃப்ரேம்ல பட்டுக்கிட்டு இருந்திருக்கு, எதுவுமே ட்ரிப் ஆகல. ஆர்சிசிபி போயிடுச்சா, இல்ல ஐசோலேஷன் இருந்தா எர்த் ஃபால்ட் ப்ரொடெக்ஷனே தேவையில்லைன்னு சொல்றாங்களே அது சரியா?

ஆர்சிசிபி போகல. அது இருக்குற இடத்துல இருந்து அந்த ஃபால்ட் அதுக்கு தெரியவே தெரியாது, நாளைக்கு புதுசா ஒண்ணு வாங்கி மாட்டினாலும் தெரியாது. ஆர்சிசிபி பார்க்கறது ஒரே ஒரு விஷயம்தான், தன் வழியா போன கரண்ட் எல்லாம் தன் வழியாவே திரும்பி வந்துச்சா இல்ல கொஞ்சம் வேற வழில போயிடுச்சான்னு. எந்த கரண்ட்டும் தான் கிளம்பின சோர்ஸுக்குத்தான் திரும்பிப் போகும், செகண்டரி சைடுல சோர்ஸ் அந்த செகண்டரி வைண்டிங்தான், ஊர்ல இருக்குற சப்ளை ட்ரான்ஸ்ஃபார்மரோட நியூட்ரல் கிடையாது. அதனால செகண்டரில என்ன லீக் ஆனாலும் அது சுத்தி செகண்டரிக்கே வந்துடும், ப்ரைமரில பார்த்தா ஒரு லைன்ல உள்ள போன கரண்ட் இன்னொரு லைன்ல அப்படியே வெளிய வந்துருக்கும், கணக்கு சரியா டேலி ஆகிடும். ப்ரைமரி வைண்டிங்கே கோர்ல லீக் ஆனாலோ ட்ரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் வர்ற கேபிள்ல லீக் ஆனாலோதான் அந்த ஆர்சிசிபி தட்டும். இன்கமர்ல எர்த் லீக்கேஜ் ரிலே, சிபிசிடி (எல்லா ஒயரையும் ஒண்ணா சுத்தி லீக்கை அளக்கற சிடி) எது போட்டிருந்தாலும் இதே கதைதான்.

இங்க ரொம்ப பேர் ஏமாறுற ஒரு இடம் டெஸ்ட் பட்டன். டெஸ்ட் பட்டன் அமுக்கினேன் உடனே ட்ரிப் ஆச்சு, அப்போ ப்ரொடெக்ஷன் ஓகேன்னு நினைச்சுக்கறாங்க. அந்த பட்டனுக்குள்ள இருக்கறது ஒரு ரெசிஸ்டர், ஒரு போலோட அவுட்கோயிங் சைடுல இருந்து இன்னொரு போலோட இன்கமிங் சைடுக்கு, உள்ள இருக்குற கோரை சுத்திக்கிட்டு போற மாதிரி கனெக்ட் பண்ணிருப்பாங்க. அதுக்கு எர்த்தே வேண்டாம். எர்த்தே இல்லாத மிதக்குற சப்ளைல மாட்டினாலும் பட்டன் அழகா ட்ரிப் ஆகும். அதனால அந்த பட்டன் சொல்றது ஆர்சிசிபி மெக்கானிசம் வேலை செய்யுதுங்கறதை மட்டும்தான், உங்க மெஷின்ல ஃபால்ட் கரண்ட் திரும்பி வர பாதை இருக்கா, அந்த பாதை இந்த ஆர்சிசிபியை தாண்டி போகுதாங்கறதை அது சொல்லவே சொல்லாது.

ரெண்டாவது கேள்வி, ஐசோலேஷன் இருந்தா ப்ரொடெக்ஷன் வேண்டாமா. இதுல பாதி உண்மை இருக்கு, அந்த பாதிதான் ஆபத்து. செகண்டரி எங்கயும் எர்த் ஆகாம மிதந்துக்கிட்டு இருந்தா, ஒரே ஒரு லைனை தொட்டா கரண்ட் திரும்பி போக வழி இல்ல, கேபிளோட கெப்பாசிட்டன்ஸ் வழியா போற கொஞ்சூண்டு கரண்ட் மட்டும்தான் ஓடும். ஆனா இந்த நிலைமை முதல் ஃபால்ட் வர்ற வரைக்கும்தான். உங்க மெஷின்ல இப்ப ஒரு லைன் ஃப்ரேம்ல ஒட்டிக்கிட்டு இருக்கு, ஃப்ரேம் எர்த்ல இருக்கு, அப்போ அந்த லைன் எர்த் பொட்டென்ஷியலுக்கு வந்துடுச்சு, இன்னொரு லைன் ஃப்ரேமுக்கு எதிரா முழு 230 வோல்ட்ல நிக்குது. இப்போ யாராவது ஃப்ரேம்ல ஒரு கையை வெச்சுக்கிட்டு இன்னொரு கையால அந்த லைனோட டெர்மினலை தொட்டா சாதாரண மெயின்ஸ் ஷாக் மாதிரியேதான் அடிக்கும், வித்தியாசம் என்னன்னா அங்க ட்ரிப் பண்ண எதுவுமே கிடையாது, ஆள் கூட ஓடற கரண்ட்டும் இன்கமர் ஆர்சிசிபிக்கு தெரியாது. ஐசோலேஷன் பாதுகாப்புன்னு நம்பி கைவைக்கிற ஆளுக்குத்தான் இது நடக்கும், அதனாலதான் இவ்வளவு நீட்டி சொல்றேன்.

ட்ரான்ஸ்ஃபார்மர் வெச்ச உடனே பழைய சப்ளையோட எர்த்திங் அங்கயே முடிஞ்சு போச்சு, செகண்டரிங்கறது ஒரு புது சப்ளை, அது எர்த்தோட எப்படி நிக்கப்போகுதுங்கறதை நீங்கதான் முடிவு பண்ணணும், அந்த முடிவுக்கு தகுந்த ப்ரொடெக்ஷனை போடணும். ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணு, செகண்டரியோட ஒரு பாயிண்டை பிஈ பார்ல (பேனல்ல எர்த் ஒயர் எல்லாம் சேர்ற பட்டைல) பாண்ட் பண்ணிடறது, அதாவது நேரா இணைச்சுடறது. இன்னொண்ணு, மிதக்க விட்டுட்டு இன்சுலேஷன் மானிட்டர் வெச்சு கண்காணிக்கறது. ரெண்டும் இல்லாம சும்மா மிதக்க விடறது ஒரு வழியே இல்ல, ஆனா நிறைய பேனல்கள்ல இருக்கறது அதுதான், ஏன்னா ட்ரான்ஸ்ஃபார்மரை வாங்கி மாட்டினவங்க இந்த கேள்வியையே கேட்கல.

முதல் வழிதான் பெரும்பாலான மெஷினுக்கு சரி, உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். சிங்கிள் ஃபேஸ் செகண்டரியா இருந்தா ஒரு எண்டு, த்ரீ ஃபேஸ் ஸ்டாரா இருந்தா ஸ்டார் பாயிண்ட், அதை ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துலயே, செகண்டரியோட எந்த பிரேக்கரும் வர்றதுக்கு முன்னாடியே, ஒரு லிங்க் வெச்சு பிஈ பார்ல கட்டிடணும், ஒரே இடத்துல மட்டும். இப்போ ஹீட்டர் ஒயர் பாடில பட்டா கரண்ட் ஃப்ரேம், பிஈ கண்டக்டர், லிங்க் வழியா செகண்டரிக்கு திரும்பிடும், ஒரு முழு ஷார்ட் சர்க்யூட்டா மாறி எம்சிபி (ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும் கட் பண்ற சின்ன பிரேக்கர்) அடிக்கும். தரைல அடிச்ச எர்த் பிட்டுக்கும் இந்த பாதைக்கும் சம்பந்தமே இல்லைங்கறதை கவனிங்க, பிட் ரெசிஸ்டன்ஸை குறைக்க இன்னும் ரெண்டு ராடு அடிச்சா இந்த ஃபால்ட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, பிஈ ஒயரும் லிங்க்கும்தான் இதுல எல்லாமே.

லிங்க் போட்டாச்சு, முடிஞ்சதுன்னு விட்டுடாதீங்க, எம்சிபி உண்மையிலயே அடிக்குமான்னு கணக்கு பார்க்கணும், ஏன்னா நடுவுல இருக்குற ட்ரான்ஸ்ஃபார்மர் ஃபால்ட் கரண்ட்டை நல்லாவே குறைச்சிடும். உங்க 2 கேவிஏவையே எடுத்துக்குவோம், 230 வோல்ட்ல ஃபுல் லோடு 8.7 ஆம்ப். இம்பீடன்ஸ் (கரண்ட்டுக்கு ட்ரான்ஸ்ஃபார்மரே குடுக்கற தடை) 5 சதவீதம்னு வெச்சுக்கிட்டா செகண்டரி டெர்மினல்லயே ஷார்ட் பண்ணாலும் 174 ஆம்ப்தான் வரும், அதாவது ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டுமே 1.32 ஓம். ஹீட்டர் 30 மீட்டர் தள்ளி இருக்கு, ஒயர் 1.5 ஸ்கொயர், பிஈயும் அதே சைஸ்னா போக வர 60 மீட்டருக்கு கிட்டத்தட்ட 0.73 ஓம். ரெண்டையும் கூட்டினா 2.05 ஓம், ஃபால்ட் கரண்ட் சுமார் 112 ஆம்ப். இப்போ அங்க சி கர்வ் 10 ஆம்ப் எம்சிபி இருந்தா அதோட மேக்னெடிக் ட்ரிப் (ஷார்ட் ஆன உடனே அடிக்கிற பகுதி) ரேட்டிங்கோட 5 மடங்குல இருந்து 10 மடங்குக்குள்ள எங்கயோ இருக்கும், கண்டிப்பா அடிக்கணும்னா 100 ஆம்ப் வேணும், 112 இருக்கு, ஒயர் சூடானா இன்னும் கீழ இறங்கும், நூலிழைல தப்பிக்கிறோம். அதே இடத்துல பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது அடிக்குதுன்னு யாராவது டி கர்வ் மாத்தி வெச்சிருந்தா 200 ஆம்ப் வேணும், இந்த ட்ரான்ஸ்ஃபார்மரால அந்த தூரத்துல அதை குடுக்கவே முடியாது, தெர்மல் பகுதி சூடாகி அடிக்கிற வரைக்கும் ஃப்ரேம்ல வோல்டேஜ் நிக்கும். 230 வோல்ட்ல 32 ஆம்ப் வரைக்குமான ஃபைனல் சர்க்யூட்டுக்கு ஐஈசி 60364ங்கற சர்வதேச ஒயரிங் தரநிலை எதிர்பார்க்கறது 0.4 செகண்ட், அந்த டி கர்வ் எம்சிபி அதுக்குள்ள அடிக்கும்னு நம்ப முடியாது. ஹீட்டருக்கு பி கர்வ் 10 போட்டா 50 ஆம்ப் போதும், நிம்மதி. ஹீட்டர், பம்ப் ரெண்டையும் ஒரே எம்சிபில தொங்கவிடாம தனித்தனியா பிரிக்கறதுக்கு இது ஒரு நல்ல காரணம். உங்க ட்ரான்ஸ்ஃபார்மரோட இம்பீடன்ஸ் நேம் பிளேட்ல இருக்கும், இல்லைன்னா டேட்டா ஷீட்ல இருந்து எடுங்க, சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர்கள்ல 5 சதவீதத்தை விட அதிகமாவே இருக்கலாம்.

30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் வேணும்னா அது செகண்டரி சைடுல, லிங்க்குக்கு அப்புறம் வரணும். இந்த வரிசை மாறக்கூடாது: வைண்டிங், பாண்ட் லிங்க், அப்புறம் ஆர்சிசிபி, அப்புறம் லோடு. லிங்க் ஆர்சிசிபிக்கு கீழ போயிட்டா ஃபால்ட் கரண்ட் திரும்பவும் அதுக்குள்ள புகுந்தே வந்துடும், ஃபால்ட் தெரியாது. லிங்க் சரியான இடத்துல இருந்தும் கீழ எங்கயாவது நியூட்ரல் சைடை இன்னொரு தடவை எர்த் பண்ணிருந்தா லோடு கரண்ட்ல ஒரு பங்கு பிஈ வழியா போயி காரணமே இல்லாம ட்ரிப் ஆகிட்டே இருக்கும். ஹீட்டர் சர்க்யூட்ல இன்னொரு தொல்லை இருக்கு, உள்ள இருக்குற மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் சும்மா கிடக்கும்போது ஈரத்தை இழுத்துக்கும், லீவு முடிஞ்சு வந்து ஸ்விட்ச் போட்டா 30 மில்லி ஆம்ப் தாங்காது, சூடாகி காஞ்சப்புறம் சரியாயிடும். இதுக்காக ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணாதீங்க, கையால தொட வாய்ப்பு இல்லாத ஃபிக்ஸட் ஹீட்டர்னா, எம்சிபி 0.4 செகண்ட்ல அடிக்கும்னு கணக்கும் உறுதியா இருந்தா, 100 இல்ல 300 மில்லி ஆம்ப் போட்டுக்கலாம், சாக்கெட்டுக்கு மட்டும் 30ஐ விட்டுக்குடுக்க வேண்டாம்.

கன்ட்ரோல் சர்க்யூட் தனியா பேச வேண்டிய விஷயம், ஏன்னா அங்க எர்த் ஃபால்ட்னா ஷாக் மட்டும் இல்ல, மெஷின் தானா ஓடறதும் நிறுத்தினா நிக்காததும்தான் பயம். காயில் சர்க்யூட்டை நினைச்சுப் பாருங்க, ட்ரான்ஸ்ஃபார்மர்ல இருந்து 1ம் நம்பர் ஒயர் ஸ்டாப் பட்டனுக்கு, அங்க இருந்து 2 ஸ்டார்ட் பட்டனுக்கு, அங்க இருந்து 3 காயிலோட ஒரு முனை ஏ1க்கு, இன்னொரு முனை ஏ2ல இருந்து 0 திரும்ப ட்ரான்ஸ்ஃபார்மருக்கு. செகண்டரி மிதக்குது. 1ம் நம்பர் ஒயர் எங்கயோ கண்டியூட்ல உரிஞ்சு எர்த் ஆச்சு, யாருக்கும் தெரியாது, மெஷின் நல்லாத்தான் ஓடுது. ஆறு மாசம் கழிச்சு 3ம் நம்பர் ஒயரும் புஷ் பட்டன் பாக்ஸ்ல தண்ணி இறங்கி எர்த் ஆகுது. 1ல இருந்து ஃப்ரேம் வழியா நேரா 3, ஸ்டார்ட் பட்டனை யாரும் தொடாம கான்டாக்டர் இழுத்துடும், ஸ்டாப் அமுக்கினாலும் விடாது, ஏன்னா ஸ்டாப் பட்டனையே ஃப்ரேம் பைபாஸ் பண்ணிடுச்சு. எந்த ஃபியூஸும் போகாது, ஏன்னா ஓடறது வெறும் காயில் கரண்ட்.

இதே சர்க்யூட்ல 0ஐ பிஈல பாண்ட் பண்ணிருந்தா 1ம் நம்பர் ஒயர் எர்த் ஆன அந்த நிமிஷமே ஃபியூஸ் போயிருக்கும், மெஷின் நின்னிருக்கும். 3 எர்த் ஆனா ஸ்டார்ட் அமுக்கின உடனே ஃபியூஸ் போகும், கான்டாக்டர் இழுக்காது. மெஷின்களுக்கான ஐஈசி 60204-1 கேட்கறது இதைத்தான், கன்ட்ரோல் சர்க்யூட்ல எர்த் ஃபால்ட் ஆனா அதனால மெஷின் தானா ஸ்டார்ட் ஆகக்கூடாது, ஆபத்தான மூவ்மென்ட் வரக்கூடாது, ஸ்டாப் பண்றது தடைபடக்கூடாது. ஆனா பாண்ட் பண்ணா மட்டும் போதாது, எல்லா காயிலோட ஏ2வும் நேரா 0க்கு போகணும், எல்லா காண்டாக்ட்டும் மேல 1 பக்கம் இருக்கணும். பழைய டிராயிங் சிலதுல ஓவர்லோடு காண்டாக்ட்டை ஏ2க்கும் 0க்கும் நடுவுல போட்டிருப்பாங்க, அந்த நடு ஒயர் வெளிய போயி எர்த் ஆச்சுன்னா காயில் கரண்ட் பிஈ வழியா போயிடும், ஓவர்லோடு திறந்தாலும் கான்டாக்டர் விடாது, மோட்டார் எரியும், ஃபியூஸ் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கும். அப்படியே 0 ஒயர்ல ஃபியூஸ் போடறதும் வேண்டாம், அது மட்டும் போச்சுன்னா எர்த் ரெஃபரன்ஸையே பிடுங்கின மாதிரி. 24 வோல்ட் டிசி குடுக்கற எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையும் ஒரு ஐசோலேட்டட் சப்ளைதான், அதோட 0 வோல்ட்டை பாண்ட் பண்றதும் இதே காரணத்துக்குத்தான், 24தானேன்னு விட்டுடறோம், ஆனா ப்ரோக்ஸிமிட்டி ஸ்விட்ச் (தொடாமலே பொருளை கண்டுபிடிக்கற சென்சார்) ஒயர் எர்த் ஆகி வால்வு தானா திறந்தா கை நசுங்கறது 24 வோல்ட்னால குறையாது.

மிதக்க விடறது எப்போ சரின்னா, முதல் ஃபால்ட்லயே மெஷின் நின்னா பெரிய நஷ்டமோ ஆபத்தோ வரும்ங்கற இடத்துல, அதுவும் அலாரம் வந்தா உடனே தேடற ஆள் இருக்குற இடத்துல. அங்க ஐஈசி 61557-8 படியான இன்சுலேஷன் மானிட்டர் கட்டாயம், அது சிஸ்டத்துக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு சின்ன மெஷரிங் சிக்னலை அனுப்பி ரெசிஸ்டன்ஸை அளந்துக்கிட்டே இருக்கும். அலாரம் செட்டிங்குக்கு வோல்ட்டுக்கு 100 ஓம்ங்கற அளவுல ஆரம்பிக்கலாம், 230க்கு 23 கிலோ ஓம் வரும், நான் அதை விட கொஞ்சம் மேலயே வெச்சு முன்னாடியே தெரிஞ்சுக்கறதை விரும்புவேன். பழைய பேனல்கள்ல ரெண்டு லேம்ப்பை சீரீஸ்ல போட்டு நடுவை எர்த் பண்ணிருப்பாங்க, ரெண்டும் ஒரே மாதிரி மங்கலா எரிஞ்சா நல்லது, ஒண்ணு அணைஞ்சு இன்னொண்ணு பளிச்னு எரிஞ்சா அணைஞ்ச பக்கம் எர்த் ஆச்சு. ஆனா ரெண்டு பக்கமும் சமமா இன்சுலேஷன் குறைஞ்சா லேம்ப்புக்கு தெரியாது. மல்டிமீட்டர் வெச்சு எர்த்துக்கு அளந்தா ரெண்டு லைன்லயும் பாதி பாதி வோல்டேஜ் காட்டும், அதை பார்த்து லீக் ஆகுதுன்னு பயப்பட வேண்டாம், அது கெப்பாசிட்டன்ஸ் வழியா வர்ற ஃபாண்டம் வோல்டேஜ், ஒரு பக்கம் பூஜ்யத்துக்கு பக்கத்துலயும் இன்னொரு பக்கம் முழுசாவும் காட்டினாத்தான் ஃபால்ட்.

த்ரீ ஃபேஸ் செகண்டரியை மிதக்க விட்டு டிரைவ் (மோட்டார் வேகத்தை மாத்தற எலெக்ட்ரானிக் யூனிட்) போட்டிருந்தீங்கன்னா இன்னும் ரெண்டு விஷயம். முதல் எர்த் ஃபால்ட்ல மத்த ரெண்டு ஃபேஸும் எர்த்துக்கு எதிரா 230ல இருந்து 400க்கு ஏறிடும், டிரைவ்ல எர்த்துக்கு கட்டிருக்குற இஎம்சி ஃபில்டர் (இரைச்சலை அடக்கறது) கெப்பாசிட்டரும் வேரிஸ்டரும் (சர்ஜை அடக்கறது) அதுக்கு போட்டது கிடையாது, அதனால மேனுவல் சொல்ற ஸ்க்ரூவை இல்ல ஜம்பரை கழட்டணும். மானிட்டரும் டிரைவோட டிசி பஸ் ஃபால்ட்டை தாங்கி அளக்கற வகையா இருக்கணும், சும்மா டிசி ஏத்தி அளக்கற பழைய வகை அங்க தப்பா காட்டும். பாண்ட் பண்ண சிஸ்டத்துல டிரைவ் இருந்தா ஆர்சிசிபி டைப் பி (ஸ்மூத் டிசி லீக்கையும் பிடிக்கற வகை), ஏன்னா சாதாரண டைப் ஏ 6 மில்லி ஆம்ப் ஸ்மூத் டிசி வரைக்கும்தான் தாங்கும், அதுக்கு மேல போனா கோர் சாச்சுரேட் ஆகி ஏசி ஃபால்ட்டையும் கோட்டை விட்டுடும்.

ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கே, பாடி எர்த் எதுக்குன்னு பிஈயையே கழட்டறவங்களை பார்த்திருக்கேன், தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பாடியை எர்த் பண்ணாம விடலாம்ங்கற ஏற்பாடு ஒண்ணு இருக்கு, எலெக்ட்ரிக்கல் செப்பரேஷன்னு, அது ஒரு ட்ரான்ஸ்ஃபார்மருக்கு ஒரே ஒரு கருவிங்கற நிலைமைக்கு. ஒண்ணுக்கு மேல லோடு வந்தா பாடிகளை ஒண்ணோட ஒண்ணு பாண்ட் பண்ணி ரெண்டாவது ஃபால்ட்ல ட்ரிப் ஆக வைக்கணும்னு விதியே மாறிடும். மெஷின்ல லோடு ஒண்ணோட நிக்காது, ஃப்ரேமோ ஏற்கனவே இன்கமர் பிஈல இருக்கு, அதனால எந்த முறையை எடுத்தாலும் பாடி எர்த் இருந்தே ஆகணும். இன்னொண்ணு, அது நிஜமாவே ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மரான்னு ப்ரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவுல அளந்து பாருங்க, ஆட்டோ ட்ரான்ஸ்ஃபார்மரா இருந்தா கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் காட்டும், அதுக்கு பாண்ட் லிங்க் போட்டீங்கன்னா மெயின் ஃபேஸையே எர்த் பண்ணின கதையாயிடும்.

இப்போ உங்க மெஷினுக்கு. ஃபால்ட்டோட ஓட்டாதீங்க, ஐசோலேட் பண்ணி லாக் போட்டு அந்த ஒயரை முதல்ல சரி பண்ணுங்க. டிரைவ், சர்ஜ் அரெஸ்டர், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாத்தையும் பிரிச்சுட்டு 500 வோல்ட் மெக்கர்ல (இன்சுலேஷன் டெஸ்டர்ல) செகண்டரி முழுசையும் எர்த்துக்கு பாருங்க, 1 மெக் ஓமுக்கு கீழ இருக்கக்கூடாது, ஹீட்டர் எலெமென்ட் மட்டும் கம்மியா காட்டினா தனியா பிரிச்சு காய வெச்சு பாருங்க, ஏற்கனவே எங்கயாவது இன்னொரு ஃபால்ட் ஒளிஞ்சிருந்தா இப்பவே மாட்டிக்கும். அப்புறம் லிங்க் போடுங்க, பிஈ பார் பக்கத்துல கண்ணுக்கு தெரியற இடத்துல, டூல் இல்லாம கழட்ட முடியாத மாதிரி, கழட்டி டெஸ்ட் பண்ணா திரும்ப மாட்டவும்னு லேபிளோட, ஏன்னா அடுத்த வருஷம் மெக்கர் பார்க்கறவர் அதை கழட்டாம பார்க்க முடியாது, கழட்டிட்டு மறந்துட்டார்னா மெஷின் எந்த குறையும் தெரியாம அப்படியே ஓடும், ப்ரொடெக்ஷன் மட்டும் இருக்காது. கடைசியா சப்ளை குடுத்துட்டு, தூரத்துல இருக்குற ஹீட்டர் பாக்ஸ்ல நின்னு ஃபேஸுக்கும் பிஈக்கும் லூப் இம்பீடன்ஸ் அளந்து 230ஐ அதால வகுங்க, அந்த ஆம்ப் எம்சிபியோட மேக்னெடிக் ட்ரிப் மேல் வரம்பை தாண்டுதான்னு பார்த்து, அளந்த ஓமையும் தேதியையும் பேனல் டிராயிங்லயே எழுதி வெச்சுடுங்க.